பின்சீட்டு இடப்பக்கத்துக் கார்ப்பெட்

என் பக்கத்து வீட்டு விஜயனைத் திருடன் என்று சொல்கிறவர்கள் கிள்ளானிலிருந்து பூச்சோங் வரைக்கும் இருக்கிறார்கள். அவன் எதையும் திருடவில்லை. இதை நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டுச் சொல்ல நான் தயார். ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சீதாலெட்சுமி. மேரு சாலைக்குள் தள்ளி, வரிசை வீடொன்றில் இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் விஜயனும் அவன் மனைவி லோகேஸ்வரியும். அவன் துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், அவள் கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிறாள். பிள்ளை இல்லை. அவன் குடிக்க மாட்டான், உரக்கப் பேச மாட்டான், என் வீட்டுக் குழாய் ஒழுகினால் கூப்பிடாமலே வந்து நிற்பான். வாயில்லாப் பூச்சி. இந்த மாதிரி ஆள் மேல்தான் சொந்தபந்தம் வசதியாக ஏறி உட்காரும்.

திருட்டுப் பட்டம் வந்தது அவனுடைய இருபத்து மூன்றாம் வயதில். அவன் அப்பா ரெங்கசாமி பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி. தோட்டத்து ஆபீஸ் எழுத்தரைத்தான் இங்கே கிராணி என்போம். கறுப்பு மோரிஸ் மைனர் கார், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. மூத்தவள் புஷ்பவல்லியின் கல்யாணத்தன்று அந்தக் காரில்தான் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். ஓட்டியது தம்பி விஜயன். பின்சீட்டில் இடப்பக்கம் மணப்பெண். செத்துப்போன அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலி மாலையில் சிக்கிக்கொண்டே வந்ததால், அவள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மண்டபத்து வாசலில் மேளம், ஆரத்தி, கூட்டம். இறங்கிப் போய்விட்டாள். மணவறைக்குப் போகும் நேரத்தில்தான் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். சங்கிலி இல்லை. அதற்குள் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்திருந்தவன் விஜயன்.

காரைத் தேடினார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், அடியில் டார்ச் அடித்தார்கள். தரையோடு ஒட்டியிருந்த கார்ப்பெட்டை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. எதற்குப் பிரிக்க வேண்டும்? திருடன்தான் கைவசம் இருந்தானே.

மூன்றாம் நாள் ரெங்கசாமி மகனைத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கற்பூரத்தை ஏற்றி, அணைத்துச் சத்தியம் பண்ணு என்றார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்றான் விஜயன். வீட்டுக்குத் திரும்பியபோது அவனுடைய துணிமணி வாசலில் கிடந்தது. சத்தியமே செய்ய வைத்துவிட்டு அதையும் நம்பாத மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் இங்கே குடிவந்த அடுத்த வருஷம் லோகேஸ்வரிக்குப் பிரசவம். பெண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை. ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். அத்தனை வருஷம் மகன் முகத்தில் முழிக்காத ரெங்கசாமி அன்றைக்கு வந்தார். குழந்தையைப் பார்க்கக் கேட்கவில்லை. மகன் எதிரில் நின்று, “பொய்ச் சத்தியம் பண்ணுன இல்ல? முனியாண்டி கேட்டுட்டாரு” என்றார். சொல்லிவிட்டுப் போய் லிஃப்டுக்குக் காத்து நின்றார். கையிலிருந்த கஞ்சியை அந்த வெள்ளைச் சட்டை மேல் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. வார்டுக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த லோகேஸ்வரி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. அந்தப் பேச்சை அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ரெங்கசாமி செத்த பிறகு மோரிஸ் மைனர் பந்திங்கில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. புஷ்பவல்லி பூச்சோங்கில் அடுக்குமாடி வீட்டுக்காரி. அவளுக்கு அது குப்பை. “அவனே எடுத்துக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினாள். விஜயன் அதை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசல் கொட்டகையில் நிறுத்தினான். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின், பிரேக், பெயிண்ட் என்று பார்த்துப் பார்த்து அதை ஓட வைத்தான். உன்னைத் திருடனாக்கின காரை எதற்கடா கொஞ்சுகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். “அதுக்கு என்னக்கா தெரியும், பாவம்” என்றான்.

போன வருஷம் அந்தக் காருக்கு மவுசு வந்தது. புஷ்பவல்லியின் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம், பிரிக்பீல்ட்ஸில் மண்டபம். பழைய காரில் மணப்பெண் வந்து இறங்குவதுதான் இப்போது ஃபேஷனாம். பிறந்ததிலிருந்து மாமனோடு ஒரு வார்த்தை பேசாத பெண் போன் போட்டு, “மாமா, தாத்தா கார் இன்னும் ஓடுதா?” என்று கேட்டாள். மறுநாள் புஷ்பவல்லியே கூப்பிட்டாள். “பழசெல்லாம் எதுக்குத் தம்பி? நான் மனசுல எதையும் வச்சுக்கல. நீயே வந்து ஓட்டு.”

மன்னித்துவிட்டாளாம், செய்யாத தப்புக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஜயனுக்கோ கண்ணெல்லாம் தண்ணீர். “என்னைத் தம்பின்னு கூப்பிட்டாங்கக்கா” என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூன்று தடவை சொன்னான். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு குடும்பம் திரும்பக் கிடைக்கப்போகிறது. அதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

காரில் பாக்கி இருந்தது கார்ப்பெட் ஒன்றுதான். பந்திங் மழை ஊறி ஊறி அது கறுத்து, செத்த எலி நாற்றம் அடித்தது. பட்டுச்சேலையோடு கல்யாணப் பெண் அதில் கால் வைக்க முடியாது. குஷன் கடைக்காரன் தீபாவளிக்குப் பிறகுதான் முடியும் என்றுவிட்டான். கல்யாணத்துக்கு ஐந்தே வாரம். அதனால் விஜயன் தானே செய்வதாக முடிவு செய்து, கிள்ளான் கடையொன்றில் மெரூன் நிறத்தில் ஒரு சுருள் கார்ப்பெட்டும் ஒரு டின் பசையும் வாங்கி வந்தான். வெட்டுவதற்கு என்னுடைய தையல் கத்தரிக்கோலைக் கேட்டான். பட்டு வெட்டுகிற கத்தரிக்கோல். பாவம் பார்த்துக் கொடுத்தேன்.

வாழ்க்கையில் ஒரு கால்மிதியைக்கூட வெட்டிப் பழகாதவன் அவன். போனில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே செய்தான். முதல் துண்டு டிரைவர் பக்கத்துக்கு. சுருளிலிருந்து எடுத்த கார்ப்பெட்டை வெயிலில் விரித்துப் போட்டு நிமிர்த்தாமல் அப்படியே வைத்து வெட்டினான். கியர் கம்பிக்கு ஓட்டை போட்டான். ஓட்டை ஒரு சாண் தள்ளி விழுந்தது. பசையைத் தடவிய கையோடு ஒட்டினான். கொஞ்ச நேரம் காயவிட்டு, தொட்டால் விரலில் இழுக்கிற பதத்தில் ஒட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் கார்ப்பெட் மொத்தமாக வழுக்கிப் போய் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது.

“டேய், இது என்ன கார்ப்பெட்டா, சறுக்கு மரமா? பொண்ணு ஏறுனா அப்படியே சறுக்கிட்டு மண்டபத்துக்கே போயிடும்” என்றேன்.

“சிரிக்காதீங்கக்கா. ஓரம் தைச்சுக் குடுப்பீங்களா?”

ரவிக்கை தைக்கிறவளிடம் கார்ப்பெட் தைக்கச் சொல்கிறான். தைத்தேன். நாலு ஊசி உடைந்தது, மெஷினும் முனகியது. ஆனால் தப்புச் செய்து செய்தே அவனுக்குக் கை படிந்துவிட்டது. பழைய துண்டைக் கிழித்து எறியக் கூடாது, அலுங்காமல் பெயர்த்து, மணிலா அட்டை மேல் வைத்து வரைந்து, அந்த அட்டையின் அளவுக்குப் புதியதை வெட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டான். முன்பக்கம் இரண்டும் பின்சீட்டு வலப்பக்கமும் அப்படித்தான் நன்றாக அமைந்தன.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, பின்சீட்டு இடப்பக்கம். லோகேஸ்வரி ஓவர்டைம் போயிருந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது “அக்கா” என்று ஒரு சத்தம். அடிபட்டுவிட்டான் என்று நினைத்து மீன் கையோடு ஓடினேன். கொட்டகையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் ஏதோ கறுப்பாக, பசையும் தும்பும் மண்ணும் பிடித்து, செத்த பூரான் மாதிரி. ஓர் இடத்தில் மட்டும் அவன் நகத்தால் சுரண்டியிருந்தான். அங்கே மஞ்சளாக மின்னியது.

கதவோரம் கார்ப்பெட்டின் விளிம்பு என்றைக்கோ பசை விட்டிருக்கிறது. மடியிலிருந்து நழுவிய சங்கிலி அந்த இடுக்கில் போயிருக்கிறது. மேலே மிதித்து மிதித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். பெயர்த்த கார்ப்பெட்டைத் திருப்பிக் காட்டினான். அடிப்பக்கத்துச் சணலில் சங்கிலி படுத்திருந்த அச்சு அப்படியே இருந்தது, ரெட்டை வடமும் கொக்கியும்.

விஜயன் அழவில்லை. “அப்பா இருந்திருக்கணும்க்கா” என்று மட்டும் சொன்னான். நான்தான் அழுதேன்.

இனிதான் என் புத்திசாலித்தனத்தைக் கேட்க வேண்டும். அவன் அப்போதே பூச்சோங்குக்குக் கிளம்பத் துடித்தான். நான் தடுத்தேன். “கல்யாண வீட்டுக்கு அழுக்கு பிடிச்ச தங்கத்தக் கொண்டுட்டுப் போவியா? செத்த தாயோட நகைடா அது. கழுவி, சாமிகிட்ட வச்சு, தட்டுல பூவோட கொண்டு போ. சீர் கொண்டு போற மாதிரி போ. தலை நிமிர்ந்து போ” என்றேன். பூந்திக்கொட்டையை ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். பசை போச்சு, தும்பு போச்சு, இருபத்தாறு வருஷமும் போச்சு. மஞ்சள் தண்ணீரில் கடைசியாக ஒரு முக்கு. சங்கிலி பளபளவென்று வந்தது. எனக்கு என்னவோ பெருமை.

அந்த நாறிய கார்ப்பெட்டையும் நான்தான் வெளியே போடச் சொன்னேன். அட்டையில் வரைந்தாகிவிட்டதே. திங்கட்கிழமை காலை குப்பை லோரி எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம். போன் பக்கத்திலேயேதான் இருந்தது. கார்ப்பெட் ஒட்டுவது எப்படி என்று வெள்ளைக்காரன் அதில் பேசிக்கொண்டிருந்தான்.

லோகேஸ்வரி வேலை முடிந்து வந்தபோது சங்கிலி சாமி மேடையில், குங்குமம் வைத்து, மல்லிகைக்கு நடுவில் இருந்தது. பார்த்தாள். “எங்க இருந்துச்சு?” என்றாள். “கார்ப்பெட்டுக்கு அடியில” என்றான் விஜயன், முகமெல்லாம் சிரிப்பாக. அவள் “ம்” என்று சொல்லிவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் இப்படித்தான் எதையாவது நினைக்கத் தோன்றும்.

அடுத்த ஞாயிறு, அவன் தினமும் ஓட்டுகிற ‘கஞ்சில்’ என்கிற சின்னக் காரில் பூச்சோங்குக்குப் போனோம். லோகேஸ்வரி தலைவலி என்று வரவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாட்சிக்கு நான் போனேன். புஷ்பவல்லியின் வீட்டுக்காரர் வேலாயுதம், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்து சிரித்தார். குளிர்பானம் வந்தது. தட்டைப் பார்த்ததும் புஷ்பவல்லி கையிலிருந்த கிளாஸை அப்படியே கீழே வைத்தாள்.

“அம்மா செயின்” என்றாள்.

விஜயன் சொன்னான். கார்ப்பெட், கதவோரம், அச்சு, எல்லாம். வாழ்நாளில் அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. வேலாயுதம் சங்கிலியை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இருபத்தாறு வருஷம் கார் தரையில கெடந்த செயினா இது? நேத்துதான் நகைக்கடையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு.”

“கழுவுனோம் அத்தான். சீதாக்காதான் பூந்திக்கொட்டை போட்டு...”

“சரி. அந்தக் கார்ப்பெட் எங்க?”

“குப்பை லோரி எடுத்துட்டுப் போயிடுச்சு.”

“போட்டோ?”

விஜயன் என்னைப் பார்த்தான். வேலாயுதம் என் பக்கம் திரும்பினார். பரீட்சை ஹாலில் பிட்டு வைத்திருக்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. “ஆன்டி, நீங்க சொல்லுங்க. இது கார் தரையில இருந்தத உங்க கண்ணால பாத்தீங்களா?”

நான் பொய் சொல்லாதவள் ஒன்றும் இல்லை. நாளைக்கு ரவிக்கை ரெடி என்று தினமும் பொய் சொல்கிறேன். வாடகை வாங்க வருகிறவனிடம், சொந்த மகனிடம், டாக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஆள் கேட்ட தோரணையில் என்னை அறியாமல் பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிட்டேன்.

“அவன் கையிலதான் பாத்தேன்” என்றேன். “ஆனா அச்சு இருந்துச்சு, நான் பாத்தேன்...”

அச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. புஷ்பவல்லி தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“நான் மன்னிச்சிட்டேன்னு தெரிஞ்சதும் திருப்பிக் குடுக்கத் தைரியம் வந்துடுச்சு, இல்ல? எடுத்தேன்னு நேரா சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லலா தம்பி. பூவெல்லாம் வச்சு, ஆளக் கூட்டிட்டு வந்து, எதுக்கு இந்த நாடகம்? அப்பா எதுக்குச் செத்தாரு தெரியுமா? நீ பண்ணுன பொய்ச் சத்தியத்த நெனச்சு நெனச்சே செத்தாரு.”

“நான் எடுக்கலக்கா” என்றான் விஜயன். இருபத்து மூன்று வயதில் சொன்ன அதே வார்த்தை.

“போதும். இந்தக் கையால என் மவ கல்யாணத்துல கார் ஓட்ட வேணாம். நாங்க வேற கார் பாத்துக்கறோம்.”

சங்கிலியை எடுத்துக்கொண்டாள். தட்டை என்னிடம் நீட்டினாள். நம் வீடுகளில் வந்த தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். ஒரு வாழைப்பழமாவது, ஒரு பிடி சீனியாவது வைத்துத் தருவோம். அவள் காலித் தட்டைத்தான் கொடுத்தாள். லிஃப்டில் இறங்கும்போது அந்தத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். விஜயன் என்னைக் கோபிக்கவில்லை. “நீங்க உள்ளதத்தான சொன்னீங்க” என்றான். அதற்கு என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

அந்தக் கார்ப்பெட்டை அவன் தொடாமலே விட்டிருந்தால், பழைய நாற்றத்தின் மேல் ஒரு ரப்பர் பாயை விரித்துப் போட்டிருந்தால், மன்னிக்கப்பட்ட திருடனாகவாவது மாலை போட்டுக்கொண்டு மண்டபத்தில் நின்றிருப்பான். நல்லபடியாகச் செய்ய வேண்டுமென்று நினைத்ததுதான் அவன் செய்த ஒரே குற்றம்.

கல்யாணத்தன்று அவன் எங்கேயும் போகவில்லை. காலையிலேயே கொட்டகையில் உட்கார்ந்துவிட்டான். பாக்கி இருந்தது அந்த ஒரு துண்டுதான், பின்சீட்டு இடப்பக்கம். நான் மெஷினில் ஒரு ரவிக்கையை வைத்துக்கொண்டு, தைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் லோகேஸ்வரி வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசுகிறவள், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். போனை நீட்டினாள். சொந்தக்காரர் குழுவில் வந்த படம். வெள்ளைக் காரிலிருந்து விஷ்ணுப்ரியா இறங்குகிறாள், கழுத்தில் ரெட்டை வடச் சங்கிலி. நான் தேய்த்த பளபளப்பு படத்திலேயே தெரிந்தது. கீழே யாரோ குரல் பதிவு போட்டிருந்தார்கள். லோகேஸ்வரி அதை அழுத்தினாள். “தொலைஞ்சு போன செயின பாத்தீங்களா? எத்தன வருஷம் ஆனாலும் முனியாண்டி திருப்பிக் குடுக்க வச்சிட்டாரு பாருங்க.”

அவள் போனை அணைத்து மடியில் வைத்தாள்.

“அக்கா, எனக்கு ஒன்னு மட்டும் சொல்லுங்க. அவரு கார்லேர்ந்து எடுத்தத நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றேன். இம்முறை தடுமாறவில்லை. “என் ரெண்டு கண்ணால பாத்தேன். கார்ப்பெட்டத் தூக்குனான், அடியில இருந்துச்சு. சத்தியமா பாத்தேன்.”

லோகேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூச்சோங்ல பாக்கலன்னு சொன்னீங்களாமே” என்றாள். பிறகு, அழுகை இல்லாத குரலில், “எம் புள்ள ஏன் செத்துச்சுன்னு எனக்குத் தெரியணும்க்கா. அதுக்குத்தான் கேட்டேன்” என்றாள்.

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. விஜயன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. விரலெல்லாம் பசை. கையில் என் கத்தரிக்கோல்; துடைத்து, எண்ணெய் போட்டு, கைப்பிடி என் பக்கமாக இருக்கும்படி பிடித்திருந்தான். லோகேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தான்.

“கார்ப்பெட் முடிஞ்சிருச்சுக்கா” என்றான்.